வயிற்றுக்கு முன்பே நாக்கு சொல்லும் ‘போதும்’

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில் அவசரமாக நின்று சாப்பிட்டால் மூன்றே நிமிடத்தில் பிளேட் காலி, உடனே இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. அதையே நிதானமாக, நடுநடுவே வாழைத்தண்டு சூப்பைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டால் ஒன்றே போதும் என்றிருக்கிறது. வயிறு அதே வயிறுதானே சார்?”

வயிறு அதேதான். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதில் வயிற்றுக்கு முன்பே நாக்கு தலையிடுகிறது. இது உறுதியாகத் தெரியவந்தே சில வருடங்கள்தான் ஆகின்றன.

பள்ளியில் படித்ததைச் சட்டென்று தாண்டிவிடலாம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்து சுவைகள். காரம் இதில் சேராது, அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறாரே அத்தோக்காரர், அதில் ஒரு வாய் போட்டதும் சுவை மொட்டுகள் தூண்டப்படுகின்றன. ஒரு மொட்டில் 50 முதல் 100 செல்கள் இருக்கும். அங்கிருந்து மூன்று மண்டை நரம்புகள் வழியாகச் செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. முகுளத்திலிருந்து தலாமஸ், அதற்கும் மேலே பெருமூளைப் புறணி. ‘ஆஹா’ என்று நாம் உணர்வதெல்லாம் மேலே நடப்பது.

எனக்குப் பிடித்தது கீழே இருக்கும் முகுளம். 1978இல் ஹார்வி கிரில், ரால்ஃப் நோர்கிரென் என்ற இரு ஆய்வாளர்கள் முன்மூளையின் தொடர்பு துண்டிக்கப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். அந்த எலிகளுக்கு உணவைத் தேடிப் போகத் தெரியாது. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் விழுங்கின, கசப்பான குயினைனை விட்டால் வெளியே தள்ளின. பின்னால் நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. இப்படிப்பட்ட எலிகளின் வயிற்றில் முன்கூட்டியே உணவை நிரப்பினால், வாயில் விடுவதைக் குறைவாகவே விழுங்கின. ஆனால் பட்டினி போட்டாலும் அடுத்த வேளை கூடுதலாகச் சாப்பிட அவற்றுக்குத் தெரியவில்லை. ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டை அந்த வேளைக்குள் முடித்துவைக்க முகுளமும் அதைச் சுற்றியுள்ள மூளைத்தண்டுமே போதும்.

முகுளத்தில் சுவைச் செய்தி வந்து சேரும் அதே பகுதிக்குத்தான் வயிற்றிலிருந்து வேகஸ் நரம்பும் வந்து சேர்கிறது. நாக்கு சொல்வதும் இரைப்பை சொல்வதும் பக்கத்துப் பக்கத்தில் வந்து இறங்குகின்றன. அங்குள்ள நியூரான்கள் யார் பேச்சைக் கேட்கின்றன? மூளையின் அடியாழத்தில், உடல் அசையும்போதெல்லாம் தானும் அசையும் இடம் அது. அதனால் முன்பு பெரும்பாலும் மயக்கமருந்து கொடுத்த விலங்குகளில்தான் அதைப் பார்க்க முடிந்தது. மயக்கத்தில் கிடக்கும் எலி சாப்பிடாதே!

2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் சக்கரி நைட் குழு இதைத் தாண்டியது. ட்ரூங் லீ என்ற இளம் ஆய்வாளர் செய்த வேலை, ‘நேச்சர்’ இதழில் வந்தது. நியூரான் இயங்கினால் ஒளிரும்படி ஒரு புரதத்தை அதற்குள் வைத்து, மெல்லிய ஒளியிழையை முகுளம்வரை இறக்கி, விழித்திருக்கும் சுண்டெலி சாப்பிடச் சாப்பிடப் பார்த்தார்கள். அவர்கள் கவனித்த ஒரு வகைக்கு, அது சுரக்கும் ஹார்மோனின் சுருக்கப்பெயரை வைத்து, பி.ஆர்.எல்.எச். நியூரான்கள் என்று பெயர்.

திரவ உணவைக் குழாய் வழியாக நேராக இரைப்பைக்குள் செலுத்தியபோது இந்த நியூரான்கள் மெதுவாக, நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போயின. வயிற்றுக்குள் போன சத்துகள் பற்றிய செய்தியை அவை உணர்கின்றன. இதுவரை எல்லாரும் எதிர்பார்த்ததுதான். பிறகு அதே உணவை எலி தானாக நக்கிக் குடிக்க விட்டார்கள். மெதுவாக ஏறும் அந்த வயிற்றுச் செய்தி வெகுவாகக் குறைந்துபோனது! அதற்குப் பதிலாக, வாய் வைத்த சில விநாடிகளிலேயே நியூரான்கள் விழித்தன. நக்கினால் ஏறின, நிறுத்தினால் இறங்கின. தூண்டியது சுவை. அதாவது வாய் வேலை செய்யாதபோது வயிற்றின் பேச்சைக் கேட்கும் நியூரான், வாயில் ருசி பட்டவுடன் வயிற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நாக்கின் பேச்சைக் கேட்கிறது. ஒரே செல், உணவு வந்த வழியைப் பொறுத்து வேறு எஜமான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சோதனை இன்னும் அழகு. எலி நக்கும் நேரத்திலேயே ஒளியைப் பாய்ச்சி இந்த நியூரான்களைக் கூடுதலாகத் தூண்டினார்கள். சாப்பிடும் வேகம் குறைந்தது. அப்படியானால் இவை பிரேக். ‘இன்னும் கொஞ்சம்’ என்று மேல்மூளையை இழுக்கும் அதே இனிப்பு, கீழே முகுளத்தில் ‘மெதுவா, மெதுவா’ என்று பிரேக்கையும் மிதிக்கிறது. குடலிலிருந்து ‘நிறைந்துவிட்டது’ என்ற செய்தி வரப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை அள்ளித் திணிக்காமல் பார்த்துக்கொள்ள வாசலிலேயே ஒரு கட்டுப்பாடு வேண்டுமல்லவா?

சரி, தண்டையார்பேட்டை வாசகருக்கு வருவோம். சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவும் கொடுத்தது. பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள், நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேண்டாத உணவு நாக்கில் நிற்பதே இல்லை. அவசரமாக விழுங்கும் அத்தோவும் அப்படித்தான். நாக்குக்கும் நேரமில்லை, குடலின் பதில் வரவும் நேரமில்லை, அதற்குள் இரண்டாவது பிளேட் கைக்கு வந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் தெருக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். பருப்புச் சாதத்தில் பாதி உள்ளே போனதும் குழந்தை வாயை இறுக்கி முகத்தைத் திருப்பும். உடனே “கண்ணு பட்டுடுச்சு” என்று காய்ந்த மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி ஏறாவிட்டால் திருஷ்டி உறுதியாம். அப்புறம் கையில் போனைக் கொடுத்து, வேடிக்கை பார்க்கும் வாயில் மீதியைத் திணிப்பார்கள். போதும் என்று மூளை நியாயமாகச் சொன்னதைப் பெரியவர்கள் கேட்க மறுப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நாள்கணக்கில் சாப்பிடாமல் எடையும் குறைந்தால் அது வேறு விஷயம், மிளகாயை வைத்துவிட்டுக் குழந்தையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நைட் குழு பார்த்த இன்னொரு வகை நியூரான்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவை சுவையைக் கண்டுகொள்வதில்லை. குடல் நிறைவதைக் கணக்கிட்டு, பல பத்து நிமிடங்கள் நீடிக்கும் நிறைவைத் தருகின்றன. முதல் வகை எவ்வளவு வேகமாக என்பதைப் பார்க்கிறது, இரண்டாவது எவ்வளவு என்பதை. இந்த இரண்டாம் வகை வெளியிடுவது ஜி.எல்.பி-1 என்ற, பசியைக் குறைக்கும் ஹார்மோன். 2025இல் நம் ஊர் மருந்துக்கடைகளுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலவே செயல்படுபவை.

அந்த மருந்துகளுக்கு வழி திறந்தது ஒரு பல்லியின் நஞ்சு. ஹீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியில் இருந்த, ஜி.எல்.பி-1 போலவே செயல்படும் எக்செண்டின்-4 என்ற பொருளை 1992இல் ஜான் எங் பிரித்தெடுத்தார். அதிலிருந்து வந்த நீரிழிவு மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடையில் 13 வருடம். பல்லி நஞ்சில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பணம் வேண்டும் என்று இங்கே ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பித்தால், ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். நாட்டு உற்பத்தியில் (2020-21 கணக்குப்படி) 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிட்டுவிட்டு, அந்தப் பணத்திலும் பயன் தெரிந்த வேலைதான் நடக்க வேண்டும் என்றால், பல்லியையும் முகுளத்தையும் இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த ஊசிகளின் மாத விலையை விசாரித்துப் பாருங்கள், பார்க்காமல் விட்டதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும்.