சாயத்தண்ணியின் சாயம்

மலையகத் தோட்டங்களில் பால் சேர்க்காத தேநீரைச் சாயத்தண்ணி என்பார்கள். அந்தச் சாயம் செடியில் நிற்கும் கொழுந்தில் இல்லை, தொழிற்சாலையில்தான் உண்டாகிறது. வாட்டிய கொழுந்தை ரோலரில் இட்டு நசுக்கும்போது இலையின் கலங்கள் உடைந்து, அதுவரை வெவ்வேறு இடங்களில் அடைபட்டிருந்த கட்டெச்சின்கள் என்னும் இலைச் சேர்மங்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, நிறமற்ற கட்டெச்சின்கள் இரண்டிரண்டாக இணைந்து செம்மஞ்சள் நிறத் தியாபிளேவின்களாகின்றன. பரப்பி வைத்த பச்சை இலை சிறிது நேரத்தில் செம்புக்காசின் நிறத்துக்கு வந்து, பழுத்த அப்பிளைப் போல மணக்கும். இதற்கு நொதித்தல் என்று பெயர் வைத்திருந்தாலும், கள் நொதிப்பதைப் போல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அன்று இது. மேலும் விட்டுவைத்தால் கபில நிறத் தியாரூபிஜின்கள் பெருகிவிடும் என்பதால், பதம் பார்த்துச் சூடான காற்றில் உலர்த்தி நொதியத்தை அடக்கிவிடுகிறார்கள்.

ஆய்வுகூடத் தட்டில் வளரும் புற்றுநோய்க் கலங்களின் மேல் தியாபிளேவினை இட்டால், அவற்றின் பெருக்கம் குறைகிறது. பல கலங்களில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து, கசுபேசு எனப்படும் நொதியங்களைத் தூண்டிவிட, அவை கலத்தை உள்ளிருந்தே வெட்டிச் சிதைக்கின்றன. தேநீர் புற்றுநோயைக் கொல்லும் என்று கைபேசியில் சுற்றும் செய்திகளுக்கு வேர் இத்தகைய சோதனைகளே. ஆனால், கலங்களை வளர்க்கும் திரவத்திலேயே இந்த நிறப்பொருள் தானாக ஒட்சியேறி ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகிறது. அப்படியிருக்க, இறந்த கலங்களுள் எத்தனையைத் தேயிலைச் சாயத்தின் கணக்கில் எழுதுவது, எத்தனையை அந்த வெளிற்றும் இரசாயனத்தின் கணக்கில் எழுதுவது என்பது, என் பார்வையில், இத்துறையின் மிகச் சங்கடமான கேள்வி.

அடுத்த சிக்கல் அளவு. ஏறத்தாழ 30 கோப்பைத் தேநீருக்குச் சமமான 700 மில்லிகிராம் தியாபிளேவினை உட்கொண்ட தன்னார்வலர்களின் குருதித் திரவவிழையத்தில், லீற்றருக்கு ஏறத்தாழ 1 மைக்கிரோகிராமே அதிகபட்சமாகக் காணப்பட்டது என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தட்டுச் சோதனைகளில் இடுவதோ பெரும்பாலும் லீற்றருக்குப் பல மில்லிகிராம், அதாவது ஆயிரக்கணக்கான மடங்கு.

நிறப்பொருளைச் செறிவாக்கி மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். நுவரெலியாக் கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டீனை வைத்து அதையும் செய்து பார்த்தாயிற்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளியானபோது, அதை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கரட் கறி இதற்குப் பொறுப்பல்ல. தனியாகப் பிரித்தெடுத்து, உணவில் கிடைப்பதைவிடப் பன்மடங்காகக் கொடுத்த மாத்திரையின் விளைவு அது.

உறிஞ்சப்படாத தியாபிளேவின் வீணாகிவிடுவதும் இல்லை. அது பெருங்குடல் வரை இறங்கிச் செல்ல, அங்குள்ள பற்றீரியாக்கள் அதிலிருந்து கல்லிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கின்றன. குருதிவழியே அதைப் பெறும் உறுப்புகளைவிடக் குடற்சுவரின் கலங்களே இச்சாயத்தை நேருக்கு நேர் சந்திக்கின்றன.