பிக்கப்பைத் தூக்குவதற்கு முன் எடை மேடையில் ஏற்றுங்கள்

முன்னால் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் தகடு, பின்னால் ஆக்சிலுக்கும் லீஃப் பிளேட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை, மேலே ரூஃப் டெண்ட். இதே கோலத்தில் இன்னொரு பிக்கப் இந்த வாரம் வந்து நிற்கிறது. ஸ்டியரிங் நிலைகொள்ளவில்லையாம், அறுபதைத் தாண்டினால் அடியில் அதிர்கிறதாம். "ஆனா கிளியரன்ஸ் சூப்பரா இருக்குண்ணே" என்று பெருமை வேறு. தரைக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதானே கிளியரன்ஸ்; எந்த இடத்துக் கிளியரன்ஸ், தம்பி?

சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் பக்கம் மாற்றம் செய்து வண்டியைத் தூக்குவது, உயர்த்துவது சேசிஸையும் பாடியையும்தான். பின் ஆக்சிலும் அதன் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் குண்டும் சக்கரத்தோடு போகிறவை. 2 இன்ச் லிஃப்ட் போட்டாலும் 4 இன்ச் போட்டாலும் அந்தக் குண்டு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. நம்பிக்கை இல்லையென்றால் போடுவதற்கு முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். குண்டு உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 245/70 ஆர்16 டயரைக் கழற்றி 265/70 ஆர்16 போட்டால் விட்டம் 28 மி.மீ. கூடுகிறது, குண்டு 14 மி.மீ. ஏறுகிறது. அவ்வளவுதான். லிஃப்டால் வருவது மூக்கும் வாலும் மேட்டில் இடிக்காத கோணம், நடு வயிற்றுக்குக் கொஞ்சம் இடம், பெரிய டயர் மட்கார்டில் உரசாத இடைவெளி. மணலில் குண்டு போய் உட்கார்ந்த பிறகு பாடி எவ்வளவு உயரத்தில் இருந்து என்ன பயன்?

நம் ராமநாதபுரம் கரையோர மணலுக்கு மருந்து காற்றுதான். 32 பி.எஸ்.ஐ. இருக்கிற டயரை 18-க்கு இறக்குங்கள், ரொம்பப் பொதபொதப்பாக இருந்தால் 15. இறக்கிய பிறகு முப்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஈ.சி.ஆர். ஏறுவதற்கு முன் திரும்ப அடிக்கக் கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் கருவேலங்காட்டுத் தடத்தில் மட்டும் காற்றை இறக்கிக்கொண்டு போகாதீர்கள். பிதுங்கி நிற்கும் பக்கச் சுவரில் சீமைக்கருவேல முள் ஏறினால் பஞ்சர் போட முடியாது, டயரே போச்சு. தேவிபட்டினம் பக்கம் மேலே காய்ந்து பக்கு கட்டி, கீழே சேறாகக் கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே எந்த லிஃப்டும் எந்தக் காற்றும் உதவாது, இறங்கவே இறங்காதீர்கள். தனுஷ்கோடிக்காக லிஃப்ட் போடுகிறேன் என்பவர்களுக்கு ஒன்று: 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. சாலையை விட்டு மணலில் இறக்கி ஆமை முட்டையிடும் கரையை உழ வேண்டாம்.

சரி, கேம்பிங் பிக்கப்புக்கு உண்மையில் என்ன கோளாறு? பின்பக்கம் அமுங்குவது. டெண்ட் 60 கிலோ, அதைத் தாங்கும் கேரியர் 30, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, சாமான் நிறைந்த ஃபிரிட்ஜ் 30, இரண்டாவது பேட்டரி 25. ஆள் ஏறுவதற்கு முன்பே 185 வந்துவிட்டது. இதற்கு இரும்புக் கட்டை வைத்தால் அமுங்கிய ஸ்பிரிங் அமுங்கியபடியே இருக்கும்; அதன் மேல் பாடி மட்டும் எட்டிப் பார்க்கும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் முழுச் சாமானோடும் ஆட்களோடும் எடை மேடைக்குப் போங்கள். முதலில் முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, கடைசியாகப் பின் சக்கரம் மட்டும். மொத்தத்தை ஆர்.சி.யில் உள்ள லேடன் வெயிட்டோடு (சுமையோடு அனுமதித்த மொத்த எடை) ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் சாமானைக் குறையுங்கள். எந்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த எண் மாறாது. காலி வண்டியிலும் சுமை வண்டியிலும் சக்கரத்தின் மையமான ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்து எழுதி வையுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் "நல்ல லிஃப்டா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் கடைக்காரர் இருப்பில் இருப்பதைத்தான் தருவார்.

கைக்காசு குறைவென்றால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எப்போதும் வண்டியிலேயே இருக்கும் சுமைக்குத்தான் லீஃப் செட்டை எடுக்க வேண்டும், வருடத்தில் இரண்டு முறை ஏற்றும் சுமைக்கு அல்ல. 300 கிலோவுக்கான செட்டைப் போட்டுக் காலியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், ஈரச் சாலையில் வால் அடிக்கும். சுமை நடுத்தரம் என்றால் பழைய கட்டிலேயே ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்த்தால் போதும். லீஃப் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டுவது மலிவுதான், ஆனால் 50 மி.மீ. நீட்டினால் 25 மி.மீ.தான் ஏறும், சுமை தாங்கும் திறனும் கூடாது. கட்டை மேல் கட்டை அடுக்குவதைக் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பிளேட் முறுக்கிக்கொண்டு பின் ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் கெட்டு, அந்த அறுபது கிலோமீட்டர் அதிர்வு அங்கிருந்துதான் வருகிறது.

முன்பக்கம் கொஞ்சம் நீளமான காயில் ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும், 40 மி.மீ. அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும், அப்போது அது பட்ஜெட் லிஃப்ட் அல்ல. ஸ்பேசர்தான் முடியும் என்றால், 25 மி.மீ. தகட்டை ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த கட்டு) தலையில் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். லிஃப்ட் காயிலும் போட்டு அதன் மேல் ஸ்பேசரும் வைக்கவே கூடாது. பால் ஜாயிண்டும் சி.வி. ஜாயிண்டும் பலியாகும். காயிலுக்குப் பதில் முறுக்குக் கம்பி இருக்கும் டார்ஷன் பார் வண்டியில் போல்ட்டை முறுக்கி ஏற்றுவது இலவசம். ஆனால் ஜாக்கி போட்டதும் சக்கரம் கொஞ்சமும் தொங்காமல் உடனே தரையை விட்டுக் கிளம்பினால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள்.

பொருத்தும்போது கவனியுங்கள். ஆக்சிலை லீஃபோடு கட்டும் யூ போல்ட் புதிதாக வாங்குங்கள், 500 கி.மீ. ஓடியதும் திரும்ப முறுக்குங்கள். ரப்பர் புஷ் இருக்கும் இணைப்புகளின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது, வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் சில மாதத்தில் கிழியும், "கம்பெனி புஷ் மட்டம்" என்று பழி போடுவீர்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா பாருங்கள். பின் ஆக்சிலோடு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருந்தால், லிஃப்டுக்குப் பின் அது வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைச் சரிசெய்யாமல் சாவியை வாங்காதீர்கள். அலைன்மெண்டில் டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) எண்ணைக் கேளுங்கள். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரில் வருகிறவருக்கும் கண் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும் ஒருமுறை படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரும்போது கேள்வி வரும்.

உயரமான வண்டி, தலையில் டெண்ட், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மூன்றும் பாம்பன் பாலத்தில் ஒன்றுசேரும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். சாலைப் பாலத்தில் நமக்கு அப்படிச் சிவப்பு விளக்கு கிடையாது, வேகத்தை நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக, காயிலை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கயிறு கட்டிக் கழற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் காயில் துள்ளினால் அடி படுவது அந்த வேலைக்காரப் பையன் முகத்தில்.