குடிநீரில் கழிவுநீர் வாடையா? முதலில் வாசலைப் பாருங்கள்

சென்னையின் பழைய தெருக்களில் மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியம் குழாயில் விடும் தண்ணீரில், சாக்கடை வாடை வந்தால், எல்லோரும் தெருவில் போகும் பெரிய குழாயைத்தான் சந்தேகிப்பார்கள். பல வீடுகளில் கோளாறு அங்கே இருக்காது. தெருக் குழாயிலிருந்து சம்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வரும் சில அடி இணைப்பில்தான் இருக்கும். குறுகலான அந்த வாசல் மண்ணுக்குள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மரை வெட்டிய இடம் மெலிந்திருக்கும். ஈர மண்ணில் எல்போ, சாக்கெட் போன்ற இணைப்புத் துண்டுகளின் பக்கம்தான் முதலில் துரு தின்று ஊசித்துளை விழும்.

தண்ணீர் அழுத்தத்தோடு வரும்வரை அந்தத் துளை வழியே நீர் வெளியேதான் கசியும். சப்ளை நின்று குழாய் காலியானதும் நிலைமை தலைகீழ்: சுற்றி ஊறியிருக்கும் கழிவுநீர் உள்ளே இறங்கும். இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் அதை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கிறார்கள். தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

சோதனை எளிது. சப்ளை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலிலும், பத்து நிமிடம் கழித்து வருவதை இன்னொன்றிலும் பிடியுங்கள். முதல் பாட்டில் கலங்கி நாறி, இரண்டாவது தெளிவாக இருந்தால் உங்கள் இணைப்பைச் சந்தேகியுங்கள். இரண்டுமே மோசமாக இருந்து, அக்கம்பக்கத்திலும் அப்படியே வந்தால் தெருக் குழாயில் பிரச்சினை. குடிநீர் வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லும்போது இந்த வித்தியாசத்தையும் சொல்லுங்கள். எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்காது.

சம்பையும் விட்டுவிடாதீர்கள். இரவில், தண்ணீர் வரும் வழியை அடைத்து, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளிநீர் விரிசல் வழியே உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் இது அதிகம் நடக்கும்.

டி.டி.எஸ். மீட்டரை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குளோரின் சோதனைதான் உதவும். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குளோரின் இருந்து உங்களிடம் துளியும் இல்லையென்றால், உள்ளே வந்த அழுக்கு அதைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

கலப்பு உறுதியானால், இணைப்பைச் சரிசெய்யும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சரிசெய்த பிறகு சம்பை இறைத்து, வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியை வெகுநேரம் திறந்து வையுங்கள். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். ஆள் ஏறிய பின்தான் பிளீச்சிங் பவுடர். சம்பை நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் கரைத்து ஊற்றி, அதையே மேல்தொட்டிக்கும் ஏற்றுங்கள். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, ஓர் இரவு வைத்து, மறுநாள் முழுவதும் வெளியேற்றுங்கள். எக்காரணம் கொண்டும் ஆசிட்டோடு சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

அன்றாடம் 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பவுடர் நாளாக ஆக வீரியம் இழக்கும்.

இத்தனைக்கும் மூலம் தேங்கி நிற்கும் கழிவுநீர். எண்ணெய்ச் சட்டியைச் சிங்க்கில் கழுவினால், சூட்டில் ஓடும் கொழுப்பு சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் மூடி போட்ட குழியில்) ஆறி, சுவரில் வெள்ளைப் பாறையாகப் படியும். அதில் நாப்கினும் ஈரத் துடைப்பான்களும் சிக்கினால் அடைப்பு உறுதி. சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடவே கூடாது. பெருமழையில் கழிவுநீர் எதிர்த்து வந்து வாசல் மண் முழுக்க ஊறுகிறது.

அடைப்பெடுக்க மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். ஆள் நொடியில் மயங்கி விழுவார். 1916-க்குச் சொல்லி இயந்திரத்தை வரவழையுங்கள்.

இணைப்பை மாற்றும்போது துருப்பிடிக்காத எச்.டி.பி.இ. (ஒருவகை பிளாஸ்டிக்) குழாய் போடச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயைக் கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே போகட்டும். அங்கே ஜாயிண்ட் எதுவும் வராதபடி ஒரே துண்டாக இழுக்க வேண்டும். மண் மூடுமுன் நீங்களே நின்று பாருங்கள்.