அசிங்கமா பேசுறான், கேஸ் போட முடியுமா சார்?

ரீல்ஸ் ஒண்ண காட்டி, வக்கீலான எங்கிட்ட இந்தக் கேள்விய கேட்காத கட்சிக்காரங்க கம்மி. ஐடி ஆக்ட்னு சொல்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல பிரிவு 67 இருக்கு, ஆபாசமானத ஆன்லைன்ல போட்டாலோ அனுப்பினாலோ முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா கெட்ட வார்த்தை வேற, ஆபாசம் வேற. ஒரு வெப் சீரிஸ் வழக்குல 2024 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் இதத்தான் சொல்லுச்சு, காது கூசுற மாதிரி பேசுறாங்கங்கறதுக்காக மட்டும் 67 போட முடியாதுன்னு.

குஷ்பு கேஸ் ஞாபகம் இருக்கா? கல்யாணத்துக்கு முந்தின உறவு பத்தி பத்திரிகைல ஒரு கருத்து சொன்னதுக்கு 23 கேஸ், அத்தனையையும் 2010-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. ஒழுக்கத்துக்காக பேச்சுரிமைய கட்டுப்படுத்தலாம்னு அரசியலமைப்புச் சட்டம் 19(2)-லயே இருக்குதான், அதுக்காக நமக்குப் பிடிக்காததெல்லாம் ஒழுக்கக்கேடு ஆயிடாது (ஆயிடும்னா நம்ம ஊர் மேடைப் பேச்சாளர் பாதிப்பேர் உள்ள இருக்கணும்).

எனக்கு உறுத்துறது வேற. ரீல்ஸுக்கு இவ்ளோ கொதிக்கிற அதே ஆளு, யாரோ ஒரு பொண்ணோட அந்தரங்க வீடியோ லீக் ஆனா "கலாச்சாரம் எங்க போகுது பாருங்க"ன்னு தலைப்பு போட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு தள்ளி விடுறாரு, அதுவும் குற்றம்தான்னு சொன்னா "நான் திட்டித்தான சார் போட்டேன்"ங்கறாரு. திட்டிப் போட்டாலும் அனுப்பினது அனுப்பினதுதான். அந்தப் பொண்ணோட சம்மதம் இல்லாம அந்தரங்கத்த பரப்புனா அதே ஐடி ஆக்ட்ல 66இ, கூடவே 67, வெளிப்படையான பாலியல் காட்சின்னா 67ஏ-ன்னு சேரும். வீடியோல இருக்கறது 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைன்னா டவுன்லோட் பண்ணி பாத்ததே குற்றம். பாத்தது மட்டும்தான, யாருக்கும் அனுப்பலயேன்னு சென்னை ஹைகோர்ட் விட்ட ஒரு கேஸ, 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் திருப்பிப் போட்டுருச்சு.

பாதிக்கப்பட்ட வீட்டுல என்ன நடக்குதுன்னா, முதல்ல பொண்ணுக்கு அடி, அப்புறம் போன புடுங்கி எல்லாத்தையும் டெலீட் பண்றது, சாட்சியும் அதோட போச்சு. கொண்டு வர்ற ஸ்க்ரீன்ஷாட்ல ப்ரொஃபைல் பேரு மட்டும் இருக்கும், லிங்க் இருக்காது, போட்டவன் பேர மாத்திட்டான்னா தேடுறது பெரும்பாடு. அதனால போஸ்ட்டோட லிங்க், ப்ரொஃபைல் லிங்க் ரெண்டையும் காப்பி பண்ணிட்டு, மிரட்டின சாட்ட அழிக்காம அப்படியே வச்சுட்டு, உடனே சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் பண்ணுங்க. பேர் வெளிய தெரியுமேன்னு பயந்தா, பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார பேர் சொல்லாமலே குடுக்கவும் அதுல வழி இருக்கு.