48 டாலர் தோற்றது, 400 டாலர் ஜெயித்தது: நம்ம காலேஜ் டிஸ்ட்ரிக்ட் ஓட்டுப் போட்ட கதை

அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியின் சொத்து வரி பில் வந்ததும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், வீட்டு விலையில ஒரு சதவீதம்தான் வரின்னு சொன்னாங்க. இங்க ஃபுட்ஹில்னு ஒரு வரி தனியா போட்டிருக்கான். என் பையன் இன்னும் ஆறாவதுதான் படிக்கிறான். காலேஜுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" கூப்பர்டினோ, சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம் குடும்பங்கள் பலவும் கேட்கிற கேள்வி இது. வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். சொத்து வரி பில்லும் அந்த ஃபைலிலேயே வந்துவிடுவதால் இதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காசை யாரும் நம் தலையில் திணிக்கவில்லை. இந்தப் பகுதி வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் எதற்கு, எவ்வளவுக்கு ஓட்டுப் போட்டோம் என்று ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கே தெரியவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் இருக்கும் ஃபுட்ஹில் காலேஜ், கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா காலேஜ் இரண்டையும் நடத்தும் பொது அமைப்புதான் ஃபுட்ஹில்-டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட். 1957ல் தொடங்கியது. பாலோ ஆல்டோவிலிருந்து கூப்பர்டினோ வரை இதன் எல்லை. நம் பிள்ளைகள் ஹைஸ்கூல் படிக்கும்போதே கோடை விடுமுறையில் கணக்குப் பாடம் எடுக்கப் போவது இங்கேதான். அமெரிக்கா வந்து வேலை அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களில் டி ஆன்சாவில் அக்கவுண்டிங்கோ புரோகிராமிங்கோ படித்து, அப்புறம் வேலைக்குப் போன பெண்களும் நம்மிடையே உண்டு. ஆக, இது நமக்குச் சம்பந்தமில்லாத காலேஜ் இல்லை.

2020 மார்ச் 3ஆம் தேதி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். எல்லோர் கண்ணும் வாக்குச்சீட்டின் மேல்பகுதியில் இருந்தது. அடியில் இந்த டிஸ்ட்ரிக்ட் இரண்டு கேள்விகளை வைத்திருந்தது. ஒன்று மெஷர் ஜி: கட்டடங்களுக்காக 898 மில்லியன் டாலர் பாண்ட், அதாவது கடன் பத்திரம். இன்னொன்று மெஷர் எச்: ஒவ்வொரு பார்சலுக்கும் வருடம் 48 டாலர் வீதம் ஐந்து வருடங்களுக்கு வரி. பார்சல் என்றால் கவுண்டி பதிவேட்டில் தனி எண் உள்ள ஒரு மனை.

ஜி ஜெயித்தது. எச் தோற்றது.

இப்போது கணக்குப் போடுவோம். மெஷர் ஜி வாக்குச்சீட்டில் சொன்ன விகிதம் 100 டாலர் மதிப்புக்கு 1.6 சென்ட். படித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். அதையே ஒரு லட்சம் டாலருக்கு மாற்றினால் 16 டாலர். 2.5 மில்லியனுக்கு வீடு வாங்கியவருக்கு வருடம் 400 டாலர். பத்திரங்களைக் கட்டங்கட்டமாக வெளியிடுவார்கள் என்பதால் விகிதம் வருடத்துக்கு வருடம் கூடலாம், குறையலாம். ஆனால் கடன் அடையும்வரை வரி நிற்காது. அது பல பத்து வருட சமாச்சாரம். மெஷர் எச்சின்படி அதே வீட்டுக்கு வருடம் 48 டாலர், ஐந்து வருடத்தில் முடிந்திருக்கும். பெரிய தொகைக்குச் சரி என்ற ஊர், சின்னத் தொகையைத் தோற்கடித்தது எப்படி?

மக்கள் மனம் மாறியதால் இல்லை. எச்சுக்கும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆம் என்றுதான் போட்டார்கள். ஆனால் அதற்குத் தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. ஜிக்கு 55 சதவீதம் போதும். ஒரே நாள், ஒரே தாள், ஒரே வாக்காளர்கள். தாண்ட வேண்டிய உயரம் மட்டும் வேறு.

இதன் வேர் 1978ல் இருக்கிறது. அந்த வருடம் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தில் நிறுத்தியது. வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் கூடலாம், வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு வரும் என்றது. உள்ளூர் அமைப்புகளின் சிறப்பு வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றது. 2000 நவம்பரில் வந்த ப்ரொபசிஷன் 39 பள்ளி, காலேஜ் பாண்டுகளுக்கு மட்டும் அந்த உயரத்தை 55 சதவீதமாக இறக்கியது. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: என்னென்ன வேலை என்ற பட்டியல் முன்கூட்டியே வேண்டும், வருடாவருடம் தணிக்கை வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். பாண்ட் பணத்தில் ஆசிரியர் சம்பளம் போன்ற நடப்புச் செலவு எதையும் செய்யக்கூடாது. பார்சல் வரி அந்தச் சலுகைக்குள் வரவில்லை.

இதே டிஸ்ட்ரிக்ட் 1999ல், மூன்றில் இரண்டு கட்டாயமாக இருந்தபோதே, 248 மில்லியன் பாண்டை நிறைவேற்றியிருக்கிறது. 2006ல் 490.8 மில்லியன். 2010 நவம்பரில் 69 டாலர் பார்சல் வரி கேட்டு, அப்போதும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கித் தோற்றது. கட்டடம் என்றால் கிடைக்கிறது, கட்டடத்துக்குள் இருக்கும் மனிதர்களுக்கு என்றால் கிடைப்பதில்லை. மெஷர் எச் பணம் ஆசிரியர்களைத் தக்கவைக்கவும், தங்க இடமில்லாத மாணவர்களுக்கு உதவவும் கேட்கப்பட்டது. இந்த வட்டாரத்து வாடகை நமக்கெல்லாம் தெரியும். காரில் தூங்கிவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் 48 டாலர் தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிற்பாடு நடந்ததையும் சொல்ல வேண்டும். மெஷர் ஜி பட்டியலில் மாணவர், ஊழியர் குடியிருப்பும் இருந்தது. அந்தப் பணத்தில் டி ஆன்சாவை ஒட்டிய மெக்கிளெல்லன் டெரஸ் அபார்ட்மென்ட்டை டிஸ்ட்ரிக்ட் வாங்கியது. பாண்டில் கட்டடம் வாங்கலாம். அங்கே தங்கும் மாணவருக்கு வழிகாட்டும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க வேறு பணம்தான் தேட வேண்டும்.

சரி, எது நியாயமான வரி? என் மேசையில் பல வீட்டு பில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாண்ட் வரி, பார்சல் வரி இரண்டிலும் கோணல் இருக்கிறது. பாண்ட் வரி, வரி மதிப்பின் மேல் விழுகிறது. எண்பதுகளில் வாங்கிய வீட்டின் வரி மதிப்பு இன்றைக்கும் மூன்று லட்சம் டாலரில் நிற்கலாம். அவருக்கு மெஷர் ஜி 48 டாலர். அடுத்த வீட்டை போன வருடம் 2.5 மில்லியனுக்கு வாங்கிய நம்மாளுக்கு 400 டாலர். ஒரே தெரு, ஒரே அளவு வீடு. நம் மக்கள் பெரும்பாலும் சமீபத்தில் வாங்கியவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் நம் பக்கம்தான் கனக்கிறது. பார்சல் வரியிலோ ஒரு சின்ன காண்டோவும் (அடுக்குமாடி வீடு) பெரிய அலுவலகம் நிற்கும் பார்சலும் அதே 48 டாலர். பாண்டில் மட்டும்தான் கூப்பர்டினோவில் ஆப்பிளின் பழைய வளாகமும் மவுண்டன் வியூவில் கூகுள் கட்டடங்களும் தங்கள் மதிப்புக்கேற்பத் தோள் கொடுக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, எனக்கு மரியாதைதான்.

தெரியாமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினை. மேலே நாலு பெயரைக் குறித்துவிட்டு, கீழே இருக்கும் மெஷர்களை வெற்றாக விட்டுத் தபாலில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். 55 சதவீதம் என்பது அந்தக் கேள்விக்கு விழுந்த ஓட்டுகளில் 55 சதவீதம். வெற்றாக விட்டால் நீங்கள் கணக்கிலேயே இல்லை, மிச்சம் பேர் உங்கள் பில்லை எழுதுகிறார்கள். 2020 மார்ச் தேர்தலில் வேறொரு குழப்பமும் இருந்தது. மாநிலம் முழுதும் கேட்கப்பட்ட 15 பில்லியன் டாலர் பள்ளி பாண்டுக்கும் வரிசை எண்ணாக 13 வந்து தொலைத்தது. 1978 சட்டத்தில் கைவைக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த பாண்ட் தோற்றது.

வாக்குச்சீட்டில் ஒரு மெஷருக்குக் கிடைக்கும் இடம் 75 வார்த்தைதான். "பாதுகாப்பு", "பழைய கூரை", "முன்னாள் படைவீரர்களுக்குப் பயிற்சி" என்று நல்ல சொற்கள் முன்னால் வரும், சென்ட் கணக்கு பின்னால் வரும். அதைவிட்டு, வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கை என்ற பகுதியைப் புரட்டுங்கள். வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மதிப்பீடு அங்கே இருக்கும். பில்லில் உள்ள வரி மதிப்பை ஒரு லட்சத்தால் வகுத்து, சொல்லியிருக்கும் டாலரால் பெருக்கினால் உங்கள் பங்கு வந்துவிடும். சாண்டா கிளாரா கவுண்டியில் மாதிரி வாக்குச்சீட்டைத் தமிழிலும் கேட்டுப் பார்க்கலாம். அதில் ஓட்டுப் போட முடியாது, படித்துப் புரிந்துகொள்ளத்தான். வாக்குரிமை வந்துவிட்ட பெற்றோருக்கு இது பெரிய உதவி.

இன்னொன்று, வரிக் கணக்குக்காரனாக. "எப்படியும் ஃபெடரல் வரியில் கழித்துக்கொள்ளலாமே" என்று நினைத்து ஆம் போடாதீர்கள். 2018 முதல் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. நம் வீடுகளில் மாநில வருமான வரியே அதைத் தின்றுவிட்டது. 2025 கணக்குக்கு அது 40,000 ஆக உயர்ந்திருக்கிறது. ஆனால் வருமானம் 500,000 டாலரைத் தாண்டினால் அந்த வரம்பு சுருங்க ஆரம்பிக்கும்.

எச்-1பியிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது வேறு: "வரி மட்டும் கட்டுறோம், ஓட்டு இல்லையே, நாங்க என்ன செய்றது?" ப்ரொபசிஷன் 39 சொன்ன கண்காணிப்புக் குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு. வணிகர், மூத்த குடிமக்கள் அமைப்பைச் சேர்ந்தவர், வரி செலுத்துவோர் சங்கத்தவர், மாணவர் என்று ஒவ்வொரு தரப்புக்கும் இடம் உண்டு. தணிக்கை அறிக்கை அங்கே வைக்கப்படும். அந்தக் கூட்டத்துக்குப் போய், எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு செலவானது, எந்த வேலை பட்டியலிலிருந்து விழுந்தது, ஏன் என்று கேட்கலாம். வாசலில் யாரும் விசா கேட்க மாட்டார்கள்.