வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான்

சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய்க்கு மீத்தோட்ரெக்சேட் மாத்திரை வாங்கிப் போய், அதைத் தினமும் போட்டு, வாயெல்லாம் வெந்து, கஞ்சிகூட இறங்காத நிலையில் வருகிறார்கள். தொண்டியோ தங்கச்சிமடமோ, ஊர்தான் மாறுகிறது. தவறு அதேதான். இது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து.

"தினம் போட்டால் சீக்கிரம் ஆறுமே" என்ற நினைப்புதான் ஆளைச் சாய்க்கிறது. சொரியாசிஸில் தோலுக்குள் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள், கிருமி எதுவும் இல்லாதபோதே சண்டைக்கு நிற்கின்றன. அதனால் சுமார் ஒரு மாதத்தில் உதிர வேண்டிய தோல் நாலைந்து நாளில் செதிலாக உதிர்கிறது. வாரம் ஒரு தடவை 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, டாக்டர் சொன்ன அளவில் போட்டால் அந்தச் செல்கள் அடங்கும். வெள்ளணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு மற்ற ஆறு நாளும் தேறிக்கொள்ள நேரம் கிடைக்கும். தினமும் போட்டால் அந்த இடைவெளியே இல்லை. வெள்ளணுவும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் சரியும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு உலை வைக்கும். பலன் தெரியவே நாலு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ஒன்றும் தெரியவில்லை என்று கூட்டிப் போடாதீர்கள்.

கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையும் குழப்புகிறது. பெரும்பாலும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினால் எது எதுவென்று தெரியாது. ஃபோலிக் ஆசிட் வாரத்துக்கு ஒன்று, மீத்தோட்ரெக்சேட் தினத்துக்கு ஒன்று என்று தலைகீழாகிவிடும். மருந்துக்கடைத் தம்பிகளே, கவரில் '1-0-0' என்று, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று படிக்கும்படி, எழுதித் தராதீர்கள். 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று கிழமையை எழுதுங்கள். ஜும்மா நாளோ ஞாயிறு பூசை நாளோ, வீட்டில் யாரும் மறக்காத கிழமையாக இருக்கட்டும்.

வாய்ப்புண் வந்தால் உடம்புச் சூடு என்று பதநீரும் நுங்கும் தேடி நாளைக் கடத்தாதீர்கள். படை இருந்த இடமே திடீரென்று புண்ணாக உடைந்தாலும் அதே எச்சரிக்கைதான். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்களைப் பாருங்கள். முறிமருந்தாக லூக்கோவோரின் இருக்கிறது. தாமதிக்கத் தாமதிக்க அதன் பலன் குறையும்.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கடல் வெயிலில் வலை இழுத்து உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போதும், வாந்தி பேதியின்போதும் அது உள்ளேயே தேங்கும். அப்போது அந்த வார மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கையோ, காய்ச்சலுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையையோ கேட்காமல் சேர்த்துக்கொள்ளவே கூடாது. குடியும் கூடாது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் இதைத் தொடவே வேண்டாம்.

ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் சோதனைகள் மருந்து தொடங்கும் முன்பு ஒரு முறை, முதல் சில வாரங்கள் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வளைகுடாவுக்குக் கிளம்பும் தம்பிமாரே, ஆறு மாத மாத்திரையைப் பெட்டியில் அடுக்கினால் போதாது. அங்கே எந்த ஆஸ்பத்திரியில் சோதனை செய்வது என்பதையும் விசாரித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.