பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஸ்டூடியோ: சத்தம் எந்த வழியாக வெளியே போகிறது?

நாலு சுவரிலும் கருப்பு ஃபோம் ஒட்டி முடித்த அன்று சாயங்காலமே கீழ்வீட்டு மாமா படியேறி வந்துவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, மிருதங்கம் நேத்து மாதிரியேதான் கேட்குது" என்றார். அவர் சொன்னது உண்மை. ஃபோம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, ஆனால் அதன் வேலை சத்தத்தைத் தடுப்பது இல்லை. வீட்டில் ஸ்டூடியோ கட்ட நினைக்கிற நிறையப் பேர் முதலில் காசைக் கொட்டுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

சத்தம் என்பது காற்றின் அதிர்வு. ஃபோமின் நுண்துளைகளுக்குள் அந்தக் காற்று முன்னும் பின்னும் உரசும்போது அதிர்வில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும், அறைக்குள் எதிரொலி குறைவது அதனால்தான். வெளியே போகாமல் தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். இந்தப் பக்கத்துக் காற்று சுவரை அசைக்கிறது, அசைந்த சுவர் அந்தப் பக்கத்துக் காற்றை அசைக்கிறது; கனமான சுவர் அவ்வளவு எளிதில் அசையாது. இரண்டு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் இருக்கும், 2 அங்குல ஃபோம் ஒன்றரை கிலோ தேறினால் அதிகம். சிலர் சுவரில் ஒட்டுகிற முட்டை அட்டை இன்னும் லேசு.

அப்படியானால் சுவரை இன்னும் தடியாக்கினால்? எடையை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான், காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி தெரியவே 10 டெசிபல் குறைய வேண்டும். அதோடு, சுவரைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் கதவு.

என் அறைச் சுவர் பத்தடிக்குப் பத்தடி, அதாவது 100 சதுர அடி. கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி, கதவின் அகலம் 3 அடி. கணக்குப் போட்டால் அந்தச் சந்து மொத்தச் சுவரில் 800-இல் ஒரு பங்கு. நல்ல செங்கல் சுவர் 50 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் இந்த ஒரு சந்து திறந்திருந்தால் மொத்தமும் 29 டெசிபலைத் தாண்டாது. தண்ணீர் தொட்டியில் ஓட்டை மாதிரிதான், தொட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஓட்டை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். கதவே உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் டோராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஓர் ஊதுபத்தி. ஜன்னலைச் சாத்தி, பக்கத்து அறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவு நிலையை ஒட்டி மெதுவாக ஊதுபத்தியை நகர்த்தினேன். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை கதவடியில் சட்டென்று வளைந்து படுத்தது. ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளைக்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஆடியது. வெள்ளை டேப்பைச் சுற்றி மறைத்திருந்தார்கள், உள்ளே விரல் நுழைகிற இடம். காற்று போகிற இடத்தில் சத்தமும் போகும். நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவடியில் தரையோடு அழுந்துகிற ரப்பர் பட்டை, குழாய்த் துளைக்குச் சிமெண்ட்டும் சீலன்ட்டும், இவ்வளவுதான் செய்தேன். மாடிப்படியில் நின்று கேட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

கீழ்வீட்டு மாமாவுக்கு மட்டும் தெரியவில்லை. காரணம், அவருக்குப் போனது காற்று வழியாகப் போன சத்தம் இல்லை. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தருகிற பக்கத்தில், விழுகிற அடி தரைக்கு இறங்கி, கான்கிரீட் வழியாகவே ஓடி, அவர் வீட்டுக் கூரையை அதிரவைக்கிறது. இதற்கு எடை போதாது, தொடர்பை அறுக்க வேண்டும். பெரிய ஸ்டூடியோக்களில் அறைக்குள் அறை கட்டுவது இதற்காகத்தான்: ரப்பர் திண்டுகள் மேல் மிதக்கிற தரை, பழைய சுவரைத் தொடாமல் நிற்கிற சட்டம், அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, இடையில் ராக்வூல் என்கிற கல்பஞ்சு. நடுவில் இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இரண்டு சுவரையும் இணைத்து ஒரு ஆணி அடித்துவிட்டாலும் அது பாலமாகி அதிர்வைக் கடத்தும். அடுக்குமாடியில் இருந்தால் இவ்வளவு எடையைத் தளம் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது. நான் முழு அறை கட்டவில்லை. உட்கார்ந்து வாசிக்க ஒரு பலகை மேடை, அடியில் ரப்பர் திண்டு, அவ்வளவே.

அப்புறம் உள்ளே கேட்கிற ஒலி. வெற்றுப் பூச்சுச் சுவர் உள்ள பத்தடி அறையில் கணக்குப்படி எதிரொலி இரண்டு நொடிக்கு மேல் நீடிக்கும், குரல் பதிவுக்கு அரை நொடியே அதிகம். இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே திறந்த ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை, ஒலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தே அவர் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

நம் வீடுகளில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் ஒலி மோதி மோதி நிற்கும், மூன்று திசையிலும் அதே 57. பேஸ் கிடாரில் அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் வாசித்துக்கொண்டே மூலைக்குப் போனால் வயிற்றில் இடிக்கும், அறை நடுவுக்கு வந்தால் ஸ்வரம் காணாமலே போகும். அதன் அலைநீளம் 6 மீட்டர், 2 அங்குல ஃபோமால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோம் மேல்சுரங்களை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கிவிடும். மூலைகளில் அரை அடிக்குக் குறையாத ராக்வூலைத் துணி போர்த்தி நிறுத்துங்கள். அறை தேர்ந்தெடுக்க வழி இருந்தால் சதுரமாக இல்லாததை எடுங்கள்.

எல்லாவற்றையும் அடைத்த பிறகு மூச்சுக்கு வழி வேண்டும். ஸ்பிலிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்பக்கம் ஃபோம் ஒட்டிய ஒரு மரப்பெட்டியில் இரண்டு மூன்று தடுப்பு வைத்து, காற்று வளைந்து வளைந்து வருகிற மாதிரி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் ஃபோமில் மோதிக் குறையும், காற்று மட்டும் வந்து சேரும். பெட்டி வாயை அகலமாக வையுங்கள், குறுகலாக இருந்தால் காற்றே இரையும். ஒட்டிய ஃபோமில் பாதியை நான் பிய்த்து எடுத்தது இந்தப் பெட்டிக்குத்தான்.